குளுக்கோஸ் + மால்டோஸ் கலவையில் ஈஸ்ட்: நடுவில் வரும் தேக்கம் ஏன் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது?

பதிவு 1 · குச்சிக்கிழங்கு

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரித் திப்பியை, அதாவது மாவெடுத்த குச்சிக்கிழங்குச் சக்கையை, நொதி போட்டுச் சர்க்கரையாக்கி அதில் ஈஸ்ட் வளர்ப்பதுதான் ப்ராஜெக்ட். சேலத்தில் திப்பிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதற்கு முன்னோட்டமாகச் சுத்தச் சர்க்கரையில் ஓட்டியதே கணக்கில் ஒட்டவில்லை. விவரம் முழுதும் போடுகிறேன், தப்பு எங்கே என்று சொல்லுங்கள்.

பேக்கரி ஈஸ்டிலிருந்து பிரித்த ஒற்றைக் காலனி, சாக்கரோமைசிஸ் செரிவிசியே. லிட்டருக்கு ஒய்.என்.பி. (சர்க்கரை இல்லாத அடிப்படை ஊடகத் தூள்) 6.7 கிராம், குளுக்கோஸ் 2 கிராம், மால்டோஸ் 8 கிராம். 250 மி.லி. குடுவையில் 100 மி.லி. ஊடகம், 30 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று. தொடக்க ஓ.டி. (செல் பெருகப் பெருக ஏறும் கலங்கல் அளவு) 0.1. முன்வளர்ப்பு ஒய்.பி.டி.யில் (ஈஸ்ட் சாறு, பெப்டோன், குளுக்கோஸ் சேர்ந்த ஊடகம்): ஒரு தடவை 10 மணி நேரம், இன்னொரு தடவை 20 மணி நேரம். கழுவாமல் நேரடியாக ஊற்றினேன்.

இரண்டு ஓட்டத்திலும் சுமார் 8 மணி நேரத்தில் ஓ.டி. 0.85, 0.9 வந்து நிற்கிறது. 20 மணி நேர முன்வளர்ப்பு போட்டதில் 4 மணி நேரம் தேங்கிவிட்டு மறுபடி ஏறியது. 10 மணி நேர முன்வளர்ப்பு போட்டதில் 9 மணி நேரம் தேக்கம். கடைசியில் இரண்டும் 3.5 பக்கம் வந்து நின்றுவிட்டன. (பத்து மடங்கு நீர்த்துத்தான் அளந்தேன்.)

இன்னொன்று: சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறையில் தொடக்கத்தில் 10 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் 6.7 கிராம்தான் காட்டுகிறது. 3 கிராம் சர்க்கரை எங்கே போச்சு?

பதிவு 2 · ஓ_டி_600

முதலில் அந்த 3 கிராம். எங்கேயும் போகவில்லை.

டி.என்.எஸ். அளப்பது சர்க்கரையின் எடையை இல்லை, ஒடுக்கும் (ரெட்யூசிங்) முனைகளை. மால்டோஸில் இரண்டு குளுக்கோஸ் இருந்தாலும் முனை ஒன்றுதான். கடையில் வரும் மால்டோஸ் பெரும்பாலும் ஒரு நீர்மூலக்கூறு சேர்ந்தது, மூலக்கூறு எடை 360. அப்போ 8 கிராம் என்பது 22 மில்லிமோல். குளுக்கோஸ் கணக்கில் அது 4 கிராம். கூட 2 கிராம் குளுக்கோஸ். ஆக 6 வரணும். 6.7 வந்ததற்குக் காரணம், சூடான காரத்தில் மால்டோஸ் கொஞ்சம் உடைந்து கூடுதல் நிறம் தருவது. குளுக்கோஸை மட்டும் வைத்துத் தரக்கோடு போட்டால் இப்படித்தான் இருக்கும்.

சரிசெய்ய வழி: ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரியுங்க. ஒரு பாதியில் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. (குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ்) கிட் கொண்டு குளுக்கோஸ் மட்டும் பார்க்கணும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் அதே லேப் கிட் போதும். அதனுடன் வரும் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் தரக்கரைசல் என்பது லிட்டருக்கு 1 கிராம்தான். மறு பாதியில் மால்டோஸையும் ஸ்டார்ச்சையும் குளுக்கோஸாக உடைக்கும் அமைலோகுளுக்கோசிடேஸ் நொதி போட்டு, பிஹெச் 4.5ல் 55 டிகிரியில் மால்டோஸ் முழுதும் உடையும்வரை வைத்துவிட்டு அதே கிட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மால்டோஸிலிருந்து வந்த குளுக்கோஸ், 0.95ஆல் பெருக்கினால் நீரில்லாத மால்டோஸ் எடை. நொதி பாட்டிலிலேயே குளுக்கோஸ் கலந்திருக்கும், அதனால் நொதி மட்டும் போட்ட வெற்று மாதிரி ஒன்று கட்டாயம்.

மாதிரி எடுத்த கையோடு 0.45 மைக்ரான் வடிகட்டியில் ஈஸ்டைப் பிரித்துவிடணும். ஐஸில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குறிப்பாகச் சுக்ரோஸ் ஊடகத்தில், செல்சுவரில் இருக்கும், சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதி குழாய்க்குள்ளேயே வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் வரும் எண்கள் குடுவையோடது இல்லை, ஐஸ் பெட்டியோடது.

பதிவு 3 · நொதிக்கலம்

தேக்கம் பற்றி நான் எழுதுகிறேன்.

மால்டோஸைத் தின்ன ஈஸ்டுக்கு மூன்று பொருள் வேண்டும்: உள்ளே இழுக்கும் பெர்மியேஸ், உள்ளே உடைக்கும் மால்டேஸ், இவை இரண்டின் மரபணுக்களையும் எழுப்பும் ஊக்கிப் புரதம். குளுக்கோஸ் இருக்கும்வரை மிக்1 என்ற ஒடுக்கி இந்த மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கும். அத்தோடு விடுவதில்லை. ஏற்கெனவே சவ்வில் இருக்கும் பெர்மியேஸையும் செல் உள்ளே இழுத்து அழித்துவிடும். மால்டேஸுக்கு அந்தக் கதி இல்லை. அது செல் பிரியப் பிரிய நீர்த்துப் போகிறது, அவ்வளவுதான்.

குளுக்கோஸ் தீர்ந்ததும் ஒரு முட்டுக்கட்டை. பெர்மியேஸ் செய்யச் சொல்லும் சைகை மால்டோஸிடமிருந்து வர வேண்டும். மால்டோஸ் உள்ளே வரப் பெர்மியேஸ் வேண்டும். எந்தச் செல்லில் ஒன்றிரண்டு பெர்மியேஸ் மிச்சம் இருக்கிறதோ அது முதலில் கிளம்பும். கிளம்பிய செல் வேகமாகப் பெருகும், மற்றவை அப்படியே கிடக்கும். ஓ.டி. மீட்டரில் நீங்கள் பார்க்கும் தேக்கம் எல்லாச் செல்களும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக விழித்த நேரம் அல்ல. கிளம்பிய சிறுபான்மை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகப் பிடித்த நேரமும் அதில் கலந்திருக்கிறது. அதனால்தான் முன்வளர்ப்பில் சின்ன மாற்றம் செய்தாலும் தேக்கம் மணிக்கணக்கில் தள்ளிப்போகிறது.

உங்கள் 20 மணி நேர முன்வளர்ப்பில் குளுக்கோஸ் எப்போதோ தீர்ந்திருக்கும். ஒடுக்கம் விலகிய செல்களைப் போட்டிருக்கிறீர்கள். அவை புதுக் குடுவையில் 0.1லிருந்து 0.85 வரை மூன்று தலைமுறைதான் ஓடுகின்றன. பழைய புரதம் எட்டில் ஒரு பங்காகும், பூஜ்யமாகாது. 10 மணி நேரத்ததில் செல்கள் இன்னும் குளுக்கோஸில் நீந்திக்கொண்டிருந்தவை. ஆரம்பத்திலேயே கையிருப்பு இல்லை.

கழுவாமல் ஊற்றியது இரண்டாவது தப்பு. 10 மணி நேரத்தில் முன்வளர்ப்பு ஓ.டி. 4 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒய்.பி.டி.யின் 20 கிராம் குளுக்கோஸில் 8 கிராம் பக்கம் மிச்சம் இருக்கும். 0.1 வர 100 மி.லி.க்கு 2.5 மி.லி. ஊற்ற வேண்டும், அதில் லிட்டருக்கு 0.2 கிராம் குளுக்கோஸ் கூடவே வந்துவிடும். நீங்கள் நிறுத்துப் போட்டதில் பத்தில் ஒரு பங்கு. பெப்டோன் வேறு.

இனி செய்ய வேண்டியது: ஒரே காலனியிலிருந்து மூன்று முன்வளர்ப்பு. முதலாவது குளுக்கோஸில், ஓ.டி. 1 தாண்டாமல். இரண்டாவது குளுக்கோஸில் 24 மணி நேரம். மூன்றாவது மால்டோஸ் 20 கிராமில், ஓ.டி. 1 தாண்டாமல். மூன்றையும் 3000 சுற்றில் 5 நிமிடம் சுற்றிப் படியவைத்து, சர்க்கரை இல்லாத ஒய்.என்.பி.யில் இரண்டு தடவை கழுவி, ஒரே ஓ.டி.யில் போடுங்கள். மூன்றாவதில் தேக்கம் வெகுவாகக் குறைந்தால் சந்தேகம் உறுதி.

கூடவே ஒற்றைச் சர்க்கரைக் குடுவைகள் இரண்டு: குளுக்கோஸ் 2 கிராம் மட்டும், மால்டோஸ் 8 கிராம் மட்டும். இவை இல்லாமல் கலவை வரைகோட்டை வாசிக்கவே முடியாது. ஏன் என்றால் முதல் தேக்கத்துக்குப் பிறகு ஏறுவது மால்டோஸாலா, எத்தனாலாலா என்று உங்களுக்கு இப்போது தெரியாது.

பதிவு 4 · குச்சிக்கிழங்கு

நன்றி சார். எத்தனால் என்றால்? காற்றோட்டமாகக் குலுக்கும்போது எத்தனால் வருமா?

பதிவு 5 · நொதிக்கலம்

வரும். செரிவிசியே குளுக்கோஸைக் கண்டால் ஆக்ஸிஜன் இருந்தாலும் நொதிக்கத்தான் செய்யும். க்ராப்ட்ரீ விளைவு என்பது அதுதான். 1 கிராம் குளுக்கோஸுக்கு உலர் ஈஸ்ட் 0.12–0.15 கிராம்தான் தேறும். முழுக்கச் சுவாசித்தால் 0.5 தேறியிருக்கும். மிச்சத்தின் பெரும்பகுதி எத்தனாலாக வெளியே நிற்கும், குளுக்கோஸ் தீர்ந்த பிறகு அதையே தின்னும்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். ஓ.டி. 1 என்பது சுமார் 0.4 கிராம் உலர் ஈஸ்ட் என்று எடுத்துக்கொள்வோம் (உங்கள் மீட்டருக்கு நீங்களே அளக்க வேண்டும், 0.3லிருந்து 0.5 வரை கருவிக்குக் கருவி மாறும்). 2 கிராம் குளுக்கோஸ் × 0.15 = 0.3 கிராம், ஓ.டி. 0.75. தொடக்க 0.1 சேர்த்தால் 0.85. நீங்கள் பார்த்த முதல் படி அப்படியே பொருந்துகிறது. அதிலிருந்து வந்த எத்தனால் 0.7 கிராம் பக்கம். அதைச் சுவாசித்தால் கிராமுக்கு 0.6 வீதம் 0.4 கிராம் ஈஸ்ட், ஓ.டி. ஒன்று கூடும். அதாவது வெறும் குளுக்கோஸ் குடுவையே 1.9 வரை இரண்டாம் படி ஏறும்! மால்டோஸ் துளிகூட இல்லாமல்.

பிரித்துப் பார்க்க ஆன்டிமைசின் ஏ உண்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம். சுவாசத்தை அடைத்துவிடும், அதன் பிறகும் ஏறினால் மால்டோஸ் நொதிப்பு, நின்றால் எத்தனால். அதை எத்தனாலில்தான் கரைப்பார்கள், ஆகவே அதே அளவு எத்தனாலை ஒப்பீட்டுக் குடுவைக்கும் விட மறக்காதீர்கள். நஞ்சு, கையுறை, தனிக் கழிவுப் பாட்டில்.

3.5ல் நின்றது தனிக் கதை. மால்டோஸ் 8 கிராமும் நொதித்தால் அங்கேதான் வந்து நிற்கும். எத்தனாலையும் தின்றிருந்தால் 8, 9 வரை போயிருக்கணும். 250 மி.லி. குடுவையில் 100 மி.லி. வைத்து 150 சுற்று என்றால் ஆக்ஸிஜன் பட்டினி. போதாததற்குத் தாங்கல் (பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர்) இல்லாத ஒய்.என்.பி.; அம்மோனியத்தை உறிஞ்சும்போது வெளிவிடும் அமிலத்தால் பிஹெச் 3க்குக் கீழே போயிருக்கும். மால்டோஸ் உள்ளே போவதே ஒரு புரோட்டானோடு கைகோத்துத்தான், அந்தப் புரோட்டானை வெளியே தள்ள ஏ.டி.பி., அதாவது செல்லின் ஆற்றல், செலவு. பிஹெச் விழுந்தால் செலவு இன்னும் ஏறும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 50 மில்லிமோலார் போட்டு பிஹெச் 5ல் நிறுத்துங்கள். ஊடகம் 25 மி.லி., 200 சுற்று.

பதிவு 6 · வெல்லமண்டி

இடையில ஒரு கேள்விங்க. செவ்வாய்ப்பேட்டை மண்டில கிடைக்கிற ரெண்டாம் தர வெல்லத்துல ஈஸ்ட் வளர்த்து தீவனத்துல கலக்கலாம்னு ஒரு யோசனை. வெல்லம்னா சுக்ரோஸ், கூடக் கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். "குளுக்கோஸை முதல்ல தின்னும், அப்புறம் மத்தது"ங்கிற அதே சட்டம்தானே இதுக்கும்?

பதிவு 7 · மலைக்காப்பி

சட்டம் என்றெல்லாம் இல்லைங்க. பிரெஞ்சு உயிரியலாளர் மோனோ 1940களின் தொடக்கத்தில் பாக்டீரியாவில் பார்த்துச் சொன்ன இரட்டை வளர்ச்சியைப் பாடப்புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்திருந்தால் தேக்கமே வராது. இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் போகின்றன, அந்தக் கதவுக்குக் குளுக்கோஸ் மேல் பற்று கூட, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தே குறையும். குளுக்கோஸ் கோடு செங்குத்தாக, ஃப்ரக்டோஸ் கோடு சாய்வாக. நொதிப்பு பாதியில் நின்றால் மிச்சம் கிடப்பது பெரும்பாலும் ஃப்ரக்டோஸ்.

சைகோசாக்கரோமைசிஸ் பெயிலியில் இது தலைகீழ், அதற்கு ஃப்ரக்டோஸ்தான் முதல் பந்தி. யாரோவியா லிப்போலிட்டிகாவுக்கு குளுக்கோஸும் கிளிசராலும் வைத்தால் கிளிசராலைத்தான் முதலில் காலிசெய்யும். மெத்தனாலிலும் வளரும் கொமகடெல்லாவில் மெத்தனாலோடு கிளிசரால் கலந்தால் கிளிசரால் மெத்தனால் மரபணுவை அமுக்கும், சார்பிட்டால் கலந்தால் அமுக்காது. ஆக எந்த ஈஸ்ட் என்று சொல்லாமல் எது முதல் என்று கேட்பதில் பொருளில்லை.

ஏற்காட்டில் காப்பிப்பழத் தொட்டியில் நடப்பது இன்னும் வேறு. பழத்தோல் நீக்கிய கொட்டையின் வழவழப்பில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், பெக்டின் எல்லாம் உண்டு. பிச்சியா குட்ரியாவ்செவியும் ஹான்செனியாஸ்போரா யூவாரமும் இப்படிப்பட்ட தொட்டிகளில் வழக்கமாக வருபவை. இரண்டுக்குமே சுக்ரோஸ் ஆகாது. ஆனால் பக்கத்தில் ஒரு செரிவிசியே இருந்துவிட்டால், அதன் இன்வர்டேஸ் செல்லுக்கு வெளியே சுக்ரோஸை உடைக்கும், உடைந்ததில் பெரும்பகுதி உடைத்தவனுக்குக் கிடைக்காமல் ஊருக்கே பரவும். பெக்டின் உடைந்து வரும் கேலக்டுரோனிக் அமிலத்தை இவர்களில் செரிவிசியே தொடாது. அது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விட்ட பங்கு. அங்கே கேள்வி எந்தச் சர்க்கரை முதலில் என்பதல்ல, எந்த ஈஸ்டுக்கு எந்தச் சர்க்கரை என்பது.

பதிவு 8 · நொதிக்கலம்

மலைக்காப்பி சொல்வதில் பாதிக்கு மேல் உடன்பாடு. ஒன்று மட்டும் சேர்க்கணும். ஒரே ஈஸ்ட்கூட அளவைப் பொறுத்து நடத்தையை மாற்றும். குளுக்கோஸ் கிராம் கணக்கில் இருந்தால் வரிசை. லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் என்ற அளவில் சொட்டுச் சொட்டாக வந்தால் ஒடுக்கம் தளர்ந்து குளுக்கோஸ், மால்டோஸ், எத்தனால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். குடுவையில் ஒரே தடவையாகக் கொட்டி வளர்ப்பதால்தான் நம் எல்லோர் மனதிலும் அந்தப் படிக்கட்டு வரைகோடு பதிந்துபோயிருக்கிறது.

திப்பிக்கு இது நேரடியாகப் பயன்படும். கொதிநிலைக்குப் பக்கத்தில், ஸ்டார்ச்சை வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ் போட்டால் வருவது மால்டோஸ், மால்டோட்ரையோஸ், டெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் கொஞ்சம். நாலு குளுக்கோஸ் அலகும் அதற்கு மேலும் உள்ள சங்கிலியைச் செரிவிசியேயால் தொட முடியாது, மூன்று அலகுள்ளதைக் கடைசியில் மெதுவாகத் தின்னும். அமைலோகுளுக்கோசிடேஸை முன்கூட்டியே 60 டிகிரியில் முழுக்க வேலைசெய்ய விட்டால் ஒரே குளுக்கோஸ் வெள்ளம். அதையே ஈஸ்டோடு சேர்த்து 32 டிகிரியில் குறைந்த அளவில் போட்டால், நொதி மெதுவாக உடைக்கும் வேகத்துக்கே குளுக்கோஸ் வரும். பம்ப் இல்லாமலே சொட்டு ஊட்டல்.

பதிவு 9 · குச்சிக்கிழங்கு

கேள்வி: கிட் விலை கூடுதல். மெடிக்கல் ஷாப் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் பார்த்தால் ஆகாதா?

பதிவு 10 · ஓ_டி_600

ஸ்ட்ரிப் அட்டைப்பெட்டியில் எந்த நொதி என்று பாருங்க. குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் பி.க்யூ.க்யூ. வகை என்றால் மால்டோஸையும் கேலக்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். மருத்துவமனையில் மால்டோஸ் கலந்த மருந்து ஏறிய நோயாளிகளுக்குப் பொய்யாகச் சர்க்கரை கூடக் காட்டி, இன்சுலின் அதிகமாகக் கொடுத்து உயிர்போன விபத்துகள் பற்றி 2009ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது. உங்கள் ஊடகமோ முக்கால்வாசி மால்டோஸ்!

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகை பரவாயில்லை. ஆனால் மீட்டர் ரத்தத்துக்கு அளவுதிருத்தம் செய்தது. சிவப்பணு இல்லாத தண்ணீரில் கூடுதலாகக் காட்டும். உச்சம் டெசிலிட்டருக்கு 600, அதாவது லிட்டருக்கு 6 கிராம். ஒய்.என்.பி.யிலேயே கரைத்த 0.5, 1, 2, 4 கிராம் தரக்கரைசல்களைக் காட்டி உங்கள் சொந்தக் கோடு போட்டுக்கொள்ளுங்க. "குளுக்கோஸ் தீர்ந்ததா இல்லையா" என்று மணிக்கு மணி பார்க்க அது போதும். விளைச்சல் கணக்குக்கு வேண்டாம்.

மலைக்காப்பிக்கும் ஒரு வார்த்தை: காப்பிக் கரைசலில் ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. குறைத்துக் காட்டும். நிறம் வரவேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாலிஃபீனால் வழியிலேயே விழுங்கிவிடும். மாதிரியில் தெரிந்த அளவு குளுக்கோஸ் 1 கிராம் கலந்து பாருங்க. 1 கிராம் கூடவில்லை என்றால், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூள் போட்டுக் குலுக்கி வடித்துவிட்டு மறுபடி.

பதிவு 11 · மலைக்காப்பி

பி.வி.பி.பி. குறிப்புக்கு நன்றி.

குக்கரில் ஊடகம் வேகவைக்கிறவர்களுக்கு: ஏற்காடு 1500 மீட்டர் உயரம். வெயிட் தூக்கும் அழுத்தம் அதேதான், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே 121 வராது, 117, 118 டிகிரிதான். 15 நிமிடம் என்று எழுதியிருப்பதை 30 ஆக்கணும். சேலத்தில் கிட்டத்தட்ட 120 வந்துவிடும், 20 நிமிடம் போதும். நேரம் கூட்டினால் சர்க்கரை கருகும். குறிப்பாக ஃப்ரக்டோஸும் பெப்டோனும் ஒரே பாட்டிலில் இருந்தால் காப்பி நிறமே வந்துவிடும். சர்க்கரையை 40 சதவீதக் கரைசலாகத் தனியே வேகவைத்து, ஆறிய பிறகு கலக்கணும். சுக்ரோஸை அமில ஊடகத்தில் வேகவைத்தால் குக்கருக்குள்ளேயே உடைந்துவிடும், அதை 0.22 மைக்ரானில் வடிகட்டத்தான் வேண்டும்.

டிசம்பர் ஜனவரி இரவுகளில் இங்கே அறை 15 டிகிரிக்குக் கீழே போகும். சூடேற்றாத ஷேக்கரில் வரும் "தேக்கம்" பாதி குளிர்.

பதிவு 12 · குச்சிக்கிழங்கு

மூன்று முன்வளர்ப்பும் ஓட்டியாச்சு. 25 மி.லி., 200 சுற்று, தாலேட் பிஹெச் 5. மால்டோஸில் வளர்ந்தது: தேக்கம் ஒரு மணி நேரத்துக்குள். 24 மணி நேர குளுக்கோஸ்: 4 மணி. இளம் குளுக்கோஸ்: 8 மணிக்கு மேல். கடைசி ஓ.டி. மூன்றிலும் 8 தாண்டிவிட்டது.

இப்போது திப்பிக் கரைசல். உலர் திப்பி 8 சதவீதம், பிஹெச் 6, 90 டிகிரியில் ஆல்ஃபா அமைலேஸ் ஒரு மணி நேரம், வடிகட்டி, பிஹெச் 5க்கு இறக்கி, ஆட்டோகிளேவ். குளுக்கோஸ் படி வருகிறது, மால்டோஸ் படி வருகிறது. எத்தனால் படி மட்டும் வரவே இல்லை. 60 மணி நேரம் காத்திருந்தேன். எத்தனால் வாசனை குடுவையில் அப்படியே இருக்கிறது.

பதிவு 13 · நொதிக்கலம்

நொதிப்பு சரி, சுவாசம் மட்டும் இல்லை. குச்சிக்கிழங்கு என்றவுடன் முதலில் சந்தேகப்பட வேண்டியது சயனைடு. கிழங்கில் லினமாரின் இருக்கிறது, அது உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு. அது சுவாசத்தின் கடைசி நொதியான சைட்டோக்ரோம் ஆக்சிடேஸைப் பூட்டிவிடும். குளுக்கோஸையும் மால்டோஸையும் நொதிக்கச் சுவாசம் தேவையில்லை, அதனால் முதல் இரண்டு படியும் ஒன்றும் நடக்காதது போல வரும். எத்தனாலுக்குச் சுவாசம் மட்டுமே வழி. செரிவிசியேக்கு மாற்று ஆக்சிடேஸ் கிடையாது. யாரோவியா மாதிரி அது உள்ளவை தாக்குப்பிடிக்கும்.

ஆனால் இதுதான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம், இதே அறிகுறி காட்டும் வேறு இரண்டு உண்டு. ஒன்று, கிடந்து புளித்த திப்பியில் சேர்ந்த அசிட்டிக் அமிலம்; பிஹெச் 5க்குக் கீழே போகப் போகக் கடிக்கும். இரண்டு, உங்கள் காலனியே மைட்டோகாண்ட்ரியா கெட்ட குட்டை வகையாக மாறியிருப்பது. சுத்த ஊடகத்தில் அதே காலனியின் ஈஸ்ட் ஓ.டி. 8 தாண்டியதால் இரண்டாவதுக்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் பார்ப்பது சுலபம்: கிளிசரால் 3 சதவீதம் மட்டும் போட்ட ஒய்.பி. (குளுக்கோஸ் இல்லாத ஒய்.பி.டி.) தட்டில் கோடிழுங்கள், வளர்ந்தால் குட்டை இல்லை.

சயனைடுக்குப் பிக்ரேட் தாள். மூடிய பாட்டிலில் திப்பியையும் மஞ்சள் தாளையும் ஓர் இரவு வையுங்கள், ஆரஞ்சு, பழுப்பு என்று மாறினால் இருக்கிறது. அடுத்து, ஒய்.பி. + எத்தனால் 1 சதவீத ஊடகத்தில் திப்பிக் கரைசலை 0, 10, 25, 50 சதவீதம் கலந்து அதே ஈஸ்டைப் போடுங்கள். அளவு கூடக்கூட வளர்ச்சி விழுந்தால் கரைசலில்தான் தடை. அதே கரைசலை பிஹெச் 6.5ல் வைத்து மறுபடி ஓட்டினால் தடை மறைகிறதா? அப்படியென்றால் அசிட்டிக். மறையவில்லை என்றால் சயனைடு பக்கம் சாய்கிறது.

நீக்குவதற்கு: உங்கள் வரிசையே தப்பு. 90 டிகிரிக்கு எடுத்தவுடன் திப்பியிலிருந்த லினமாரேஸ் நொதி செத்துவிடும், லினமாரின் உடையாமல் உள்ளேயே தங்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில், பிஹெச் 6ல், சில மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் மூடியில்லாத பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி, நிற்காது. மூடிய ஆட்டோகிளேவில் வைத்தால் போக இடமில்லை. புகைபோக்கி அடுப்பறையில் செய்யுங்கள், பாத்திரத்துக்கு மேல் முகம் நீட்ட வேண்டாம்.

பதிவு 14 · வெல்லமண்டி

என் கேள்வி அப்படியே நிக்குதுங்க. 50 லிட்டர் டிரம், மீன்தொட்டி பம்ப், வெல்லம். முடியுமா?

பதிவு 15 · நொதிக்கலம்

முடியும், நிதானம் இருந்தால். மொத்த வெல்லத்தையும் முதல் நாளே கரைத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஈஸ்ட் இல்லை, சாராய ஊறல். மதுவிலக்குக்காரர்கள்தான் முதலில் வருவார்கள்.

லிட்டருக்கு 10 கிராம் உலர் ஈஸ்ட் இலக்கு என்றால் டிரம்முக்கு அரைக் கிலோ. கிராமுக்கு 0.45 வீதம் 1.1 கிலோ சர்க்கரை. 1 கிராம் ஈஸ்டுக்குச் சுமார் 1 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். மீன்தொட்டிக் கல்லில் லிட்டருக்கு மணிக்கு 0.2 கிராம் ஆக்ஸிஜன் கரைந்தாலே பெரிசு. அப்போது டிரம் முழுதும் மணிக்கு 10 கிராம் ஈஸ்ட்தான் தாங்கும். சர்க்கரை மணிக்கு 20 கிராம், வெல்லமாக 24 கிராம் பக்கம். அதற்கு மேல் ஊட்டினால் மிச்சம் எத்தனால். 55 மணி நேரம் சொட்டவிட வேண்டும், ஆஸ்பத்திரி டிரிப் செட் போதும். சுக்ரோஸ் வெளியே வேகமாக உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகிவிடும் என்பதால் மெதுவாக ஊட்டுவது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

வெல்லத்தில் நைட்ரஜன் போதாது. உலர் ஈஸ்டில் 8 சதவீதம் நைட்ரஜன், லிட்டருக்கு 0.8 கிராம், யூரியாவாக 1.75 கிராம். பாதியை யூரியாவாகவும் பாதியை டி.ஏ.பி.யாகவும் கொடுத்தால் பாஸ்பரஸும் சேர்ந்துவிடும். யூரியாவை உடைக்கும் நொதிக்கு பயோட்டின் வேண்டும், அதனால் முழுக்க யூரியாவை நம்ப வேண்டாம்.

பதிவு 16 · ஓ_டி_600

ஈஸ்டையே மாத்தினா பாதிச் சிக்கல் போயிடுமே. சேலத்து ஏப்ரல் வெயிலில் டிரம் 37 தாண்டும், செரிவிசியே திணறும். க்ளூவெரோமைசிஸ் மார்க்சியானஸ் 45 டிகிரியிலும் ஓடும், க்ராப்ட்ரீ தொல்லையும் இல்லை, வெல்லத்துக்குப் பொருத்தம். ஆனா அதுக்கு மால்டோஸ் ஆகாது, திப்பிப் பக்கம் அது வேண்டாம். திப்பி, வெல்லம் ரெண்டும் கலந்து போடணும்னா டொருலா ஈஸ்ட்: சுக்ரோஸ், மால்டோஸ், சைலோஸ் மூணும் தின்னும், காற்று இருந்தா எத்தனால் விடாது, தீவன ஈஸ்டாகப் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது. காற்று குறைஞ்சா அதுவும் நொதிக்கும், அதனால பம்ப் கணக்கு அப்படியேதான்.

பதிவு 17 · குச்சிக்கிழங்கு

பிக்ரேட் தாள் காலையில் செங்கல் நிறம். ஊறவைத்துத் திறந்து கொதிக்கவைத்த திப்பியில் தாள் மஞ்சளாகவே இருக்கிறது. அந்தக் கரைசலில் மால்டோஸ் முன்வளர்ப்பைப் போட்டேன்: 26வது மணியில் மூன்றாம் படி ஏற ஆரம்பித்துவிட்டது. மால்டோட்ரையோஸ் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஏதாவது வழி?

பதிவு 18 · ஓ_டி_600

மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டு. பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 2:1:1, ஒரே தட்டை இரண்டு தடவை ஓடவிடுங்க. குளுக்கோஸ் மேலே, மால்டோஸ் நடுவில், ட்ரையோஸ் கீழே. மூன்றுக்கும் தரப்புள்ளி பக்கத்திலேயே வையுங்க. அளவு தெரியாது, இருக்கா இல்லையா தெரியும்.